கரி பஸ்ஸும் என் வயிறும்

என் வயிற்றை அறுத்துத் தைத்த பிறகுதான், மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் பகல் வேளையில் ஒரு பெண்பிள்ளை ஒதுங்க இடம் கிடையாது என்பது எனக்கு உறைத்தது. அதற்கு முன் எத்தனையோ வருஷம் அதே தரையில் நடந்தவள்தான் நான். அப்போது அது ஒரு குறையாகவே படவில்லை. விடியுமுன் ஒரு தடவை, பொழுது விழுந்து ஒரு தடவை என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோருடைய குடலும் பழகிப்போயிருந்தது. கருக்கலில் கூட்டமாகப் பேசிக்கொண்டே கண்மாய்க் கரைக்குப் போவார்கள். ஆண்கள் அந்நேரம் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார்கள். பொழுது புலர்ந்ததும் கரை ஆண்களுக்குப் போய்விடும். மாடு குளிப்பாட்டுவார்கள், மீன் பிடிப்பார்கள், சும்மா உட்கார்ந்து பீடி குடிப்பார்கள். அதற்குப் பிறகு ஒரு பெண்ணுக்கு வயிறு கலக்கினால் சாயங்காலம் வரை அவள் அடக்கத்தான் வேண்டும். நானும் அடக்கினவள்தான். வைத்தியத்துக்குப் பிறகு என் குடல் மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை மதிக்கவில்லை.

நான் ரவிக்கைத் துணி விற்றுப் பிழைத்தவள். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு பாதி வரை படித்தேன். அதற்கு மேல் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கட்டிக்கொண்டவர் சிலோனுக்குப் போனார், திரும்பவில்லை. அவருக்காகக் காத்திருக்கவும் எனக்குப் பொறுமை இல்லை. பஞ்சரைக்கும் ஆலையில் கொஞ்ச நாள், மலைத்தோட்டத்தில் ஒரு மழைக்காலம், பிறகு துணி மூட்டை. பட்டணத்தில் துண்டுகள் வாங்கித் திருமங்கலம் பக்கமும் கொட்டாம்பட்டி பக்கமும் ஊர் ஊராகக் கொண்டு போவேன். கிழவிகள் அப்போது ரவிக்கை போடுவதில்லை. மருமகள்மார் போட ஆசைப்பட்டார்கள். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நடந்த சண்டையில் என் காலம் ஓடியது.

யுத்தம் வந்த சமயத்தில் என் வயிறு பெரிதாகத் தொடங்கியது. கை கால் மெலிந்து, வயிறு மட்டும் முன்னால் போயிற்று. புருஷன் கடலுக்கு அப்பால் இருக்கும்போது வயிறு பெருத்தால் ஊர் என்ன சொல்லும்? திருமங்கலத்துச் சந்தையில் ஒரு வெங்காயக்காரி என் காதுபடவே சொன்னாள்: “சிலோன்காரன் தபால்லயே பிள்ளை அனுப்பிட்டான் போல!” நானும் சிரித்தேன். பத்து மாதம் கடந்தும் பிள்ளை வரவில்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் பார்த்த வெள்ளைக்கார டாக்டரம்மா, கருப்பைக்குப் பக்கத்தில் இருக்கும் முட்டைப்பையில் புற்று என்றார். அறுத்து, கருப்பையையும் சேர்த்து எடுத்தார். மிச்சம் மீதி உள்ளே இருக்கலாம் என்று மின்சாரக் கதிர் வைத்தியத்துக்குச் சென்னைக்கு எழுதிக் கொடுத்தார்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சென்னையிலிருந்து ஜனங்கள் ரயில் ரயிலாகத் தெற்கே இறங்கிக்கொண்டிருந்த நேரம் அது. நானும் என் அண்ணனும் வடக்கே ஏறினோம். டிக்கெட் கொடுத்தவர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, “எல்லாரும் வாராங்க, நீங்க போறீகளே” என்றார். சென்னையில் ஒரு மேஜையில் படுக்க வைத்து, வயிற்றுக்கு மேலே ஒரு இயந்திரத்தை இறக்கினார்கள். அது வண்டு மாதிரி இரைந்தது. வலி ஒன்றும் இல்லை. போகப் போகத் தோல் சுட்ட கத்தரிக்காய் மாதிரிக் கறுத்தது. உள்ளே என்ன கறுத்தது என்று யாருக்குத் தெரியும்?

புற்று போயிற்று என்றுதான் சொன்னார்கள். இத்தனை வருஷம் கழித்து எழுதுகிறேன், அதனால் போயிருக்கத்தான் வேண்டும். ஆனால் குடல் என்னுடையதாக இல்லாமல் போய்விட்டது. தொப்புளைச் சுற்றி, துணி பிழிகிற மாதிரி ஒரு முறுக்கல் கிளம்பும். ஒரு வாய் சோறு உள்ளே போனதும் எழுந்து ஓட வேண்டியிருக்கும். போய் உட்கார்ந்தால் சளி மாதிரிக் கொஞ்சம் போகும், சில நாள் அதில் ரத்தக் கீற்று இருக்கும். எழுந்து வந்தால் மறுபடியும் கூப்பிடும். வேறு சில நாட்களில் ஒன்றுமே போகாது. வயிறு மத்தளம் மாதிரி இறுகி, உள்ளே எலி ஓடுகிறாற்போல் சத்தம் கேட்கும்.

காளவாசல் பக்கம் ஒரு வளவில் அண்ணன் குடியிருந்தார். ஒரே முற்றத்தைச் சுற்றி வரிசையாகக் குடித்தனங்கள், எல்லோருக்கும் சேர்த்து, ஆள் வந்து அள்ளிப்போகும் ஒரே எடுப்புக் கக்கூஸ். காலையில் செம்போடு வரிசை நிற்கும். அந்த வரிசையைத் தாண்டி நான் ஓடினால் முணுமுணுப்பு எழும். ஒருநாள் எதிர்வீட்டம்மா உரக்கவே சொன்னாள்: “இந்தக் கக்கூஸை இவுகளுக்கே எழுதிக் குடுத்திருவோமா?”

என் மதினி, அண்ணன் பெண்டாட்டி, அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். “எழுதிக் குடு. வாசல்ல வாழை மரமும் கட்டிவிடு. ஒன் வயித்தை அறுத்துத் தச்சா நீ எங்க போய் நிப்பேன்னு நானும் பாக்கேன்.”

வெளியே அப்படிப் பேசினவள் உள்ளே வந்து என்னிடம் கடுகடுத்தாள். “ஒனக்கு வேண்டி நான் ஊர்ப்பகையைத் தேட வேண்டியிருக்கு. செத்த படுத்துத்தேன் கிடவேன். தறி ஓடுற மாதிரி முத்தத்துல அங்கிட்டும் இங்கிட்டும் நடக்க. பாக்கிறவளுக்குத் தலை சுத்துது.”

படுக்க முடியவில்லை. வலி இருக்கும்போது நடந்தால் கொஞ்சம் தேவலை. வலி இல்லாதபோது கால் சும்மா இருக்காது. முற்றத்தில் துணி காயப்போடும் கொடிக்கும் உரலுக்கும் நடுவே நடந்தேன். அது நடையா? மூட்டை கட்டிலுக்கடியில் கிடந்தது. யுத்தத்தில் துணி கிடைக்காத காலம். கடையில் போய்க் கேட்டால் இல்லை என்பார்கள். நான் போய் நின்றால் ஊர்களில் பெண்கள் ஓடி வருவார்கள் என்று தெரியும். தெரிந்தும் கக்கூஸ் வாசலில் காவல் கிடந்தேன். இப்படி இருப்பதற்குப் புற்றிலேயே செத்திருக்கலாமே என்றுகூட நினைத்தேன். வெளியே போகலாம் என்றால், போகிற வழியில் பகலில் கூப்பிட்டால் என்ன செய்வது?

அதற்கு மதினிதான் ஒரு யோசனை சொன்னாள். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்குச் சாப்பிடுவது உண்டு. விளக்கெண்ணெயைச் சூடான சுக்குத் தண்ணீரில் விட்டுக் குடித்து, வயிற்றைக் கழுவிவிட்டு, மறுநாள் ரசம் சோறு. “போறதுக்கு மொத நாள் குடிச்சிரு. உள்ள ஒண்ணும் இல்லாட்டி எது வரும்? நாலு நாளைக்குத் தொந்தரவு இல்லாமச் சுத்திட்டு வரலாம்” என்றாள். எனக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. காலிப் பானை எப்படிக் கசியும்?

குடித்தேன். அன்று முழுவதும் எதிர்வீட்டம்மாவுக்கு வாய் ஓயவில்லை. மறுநாள் விடியற்காலம், பருத்தி ஏற்றிவரத் திருமங்கலத்துக்குப் போகும் மாட்டு வண்டி ஒன்றில் மூட்டையோடு ஏறிக்கொண்டேன். வழியில் தொந்தரவே இல்லை. சாலையில் இரண்டு பக்கமும் கரிசல் விரிந்து கிடந்தது. நான் வண்டிக்காரரோடு வாயாடிக்கொண்டே போனேன். பிழைத்துவிட்டோம் என்று நினைத்தேன்.

சந்தையில் மூட்டையைப் பிரித்துப் போட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். முறுக்கல் ஆரம்பித்தது. வழக்கமான முறுக்கல் இல்லை. வந்தால் போகவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வந்தது. வாந்தி எடுத்தேன். முதலில் தண்ணீர், பிறகு பச்சையாகக் கசப்பு. வயிறு பலகையாகிவிட்டது. கீழே ஒன்றும் போகவில்லை, காற்றுகூடப் போகவில்லை. முன்பு தபாலில் பிள்ளை என்று சொன்ன அதே வெங்காயக்காரிதான் என் துணிகளை வாரிக் கட்டினாள். “பிள்ளைத்தாச்சின்னு நெனைச்சேன், இப்படிச் சாகக் கிடக்காளே” என்று வண்டிக்காரரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். பருத்திப் பொதிகளின் மேல் படுக்க வைத்துக் கொண்டு வந்தார்கள். அதைவிட மெத்தென்ற படுக்கையில் நான் அதற்கு முன்னும் பின்னும் படுத்ததில்லை. சக்கரம் ஒவ்வொரு கல்லில் ஏறும்போதும் அலறினேன்.

ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாக ரப்பர் குழாய் விட்டு வயிற்றில் இருந்ததை எடுத்தார்கள். கையில் ஊசி குத்தி உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். மறுபடியும் அறுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டிருந்தபோது, இரண்டாம் நாள் காலையில், அடைப்பு தானாக விட்டது. டாக்டரம்மா வேதப்புத்தகத் தமிழ் பேசுவார்.

“உமக்கு விளக்கெண்ணெய் கொடுத்தது யார்?”

மதினி கட்டிலுக்குப் பின்னால் நின்றாள். “ஊரே குடிக்கிறதுதானம்மா. வயிறு சுத்தமாகட்டும்னு…”

“ஊருடைய வயிற்றை நான் அறுக்கவில்லை. இவளுடையதை அறுத்தேன். உள்ளே குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. மின்சாரம் பட்ட இடம் சுருங்கி, வழி ஒடுக்கமாயிருக்கிறது. நீங்கள் பேதி மருந்தால் பின்னாலிருந்து அடித்து விரட்டுகிறீர்கள்.”

இனிப் பேதி மருந்து கூடாது. கம்பு, சோளம், கீரை, பயறு, தோலும் நாரும் உள்ள எதுவும் கூடாது. குழைந்த சோறு, மோர், கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. பட்டினியும் கூடாது. வலித்தால் சூட்டு ஒத்தடம். வயிறு இறுகி, வாந்தி வந்து, காற்றும் போகாமல் நின்றால் நேரம் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். அடைப்பு மறுபடியும் வரலாம். வராமலும் இருக்கலாம்.

“நடக்கலாமாம்மா?” என்று கேட்டேன்.

“நடப்பது நல்லது.”

“கொட்டாம்பட்டி வரைக்கும்?”

அவர் சிரிக்கவில்லை. “அங்கே ஆஸ்பத்திரி இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டார்.

இல்லை. அதைத்தான் அண்ணன் பிடித்துக்கொண்டார். மில்லில் வேலை முடிந்து வந்து கைகால்கூடக் கழுவாமல் சொன்னார்: “இனி எங்கிட்டும் போக வேணாம். வழியில அடைச்சுக்கிட்டா யாரு தூக்கியாருவா? தேடி வந்து எடுக்கிறதுக்கு நீ எந்த ஊர்ல கிடக்கேன்னு எனக்குத் தெரியுமா?”

“வீட்டுல கிடந்தா அடைக்காதாண்ணே?”

“அடைச்சா பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்கு.”

அவர் சொன்னதில் தப்பே கிடையாது. ரேஷனில் அரிசி குறைந்து சோளம் வந்த நாட்கள். அந்தக் கொஞ்ச அரிசியை எனக்குக் குழைய வடித்துவிட்டு, அவர்கள் இருவரும் சோளச்சோறு தின்றார்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான் நான் போகத் துடித்தேன். மழைக்காலம் முடியும்வரை இருந்தேன். பிறகு ஒரு காலை, மதினியிடம் குழைந்த சோற்றில் மோர் ஊற்றித் தூக்குச்சட்டியில் தரச் சொன்னேன். அவள் எதற்கென்று கேட்கவில்லை. “மொளகாய் போடலை” என்று மட்டும் சொன்னாள். மூட்டையை அவளே எடுத்துத் தலையில் ஏற்றிவிட்டாள். அண்ணன் மில்லில் இருந்தார்.

கொட்டாம்பட்டி வழியாகப் போகிற பஸ் கரி பஸ். பெட்ரோல் பட்டாளத்துக்குப் போய்விட்டதால், பஸ்ஸின் பின்னால் பெரிய பீப்பாய் மாதிரி ஒன்றைக் கட்டி, அதில் கரி போட்டு எரித்து, அந்தப் புகையில் ஓட்டினார்கள். கொஞ்ச தூரம் ஓடினால் மூச்சு வாங்கும். நின்றுவிடும். கண்டக்டர் இறங்கி ஒரு கம்பியால் சாம்பலைக் கிளறி, கரி கொட்டி, கைச்சக்கரத்தைச் சுற்றிக் காற்று ஊத வேண்டும். எல்லோரும் அந்த பஸ்ஸைத் திட்டினார்கள். உலகத்தில் அதை விரும்பி ஏறின ஒரே பிரயாணி நான்தான் என்று நினைக்கிறேன். கூப்பிட்டால் நிற்காத நல்ல பஸ் எனக்கு எதற்கு?

மேலூர் தாண்டி ஒரு ஏற்றத்தில் நின்றது. சரியாக அப்போதே எனக்கும் கூப்பிட்டது. நல்ல வெயில். ஆண்கள் பீடியும் கையுமாகச் சாலையில் இறங்கி நின்றார்கள். பெண்கள் யாரும் இறங்கவில்லை. வலப்பக்கம் பள்ளத்தில் உடைமரப் புதரும் தேங்கிய ஓடைத் தண்ணீரும் தெரிந்தன. நான் இறங்கினேன். ஒரு ஆள் சிரித்தான். என்னவோ சொன்னான். வயிற்றில் அப்படி ஒரு முறுக்கல் இருக்கும்போது வெட்கம் எங்கே வரும்? விறுவிறுவென்று நடந்தேன்.

பின்னால் செருப்பில்லாத காலடிச் சத்தம். திரும்பிப் பார்த்தால், பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பருத்த அம்மாள். அவளுக்குப் பின்னால் கைப்பிள்ளைக்காரி ஒருத்தி. அதற்கும் பின்னால் இன்னும் இருவர்.

“நீ எறங்குனியா, நாமளும் போவோம்னு வந்துட்டேன்த்தா” என்றாள் பருத்த அம்மாள், மூச்சு வாங்க. “மதுரையில ஏறுனதுலருந்து பல்லைக் கடிச்சிக்கிட்டு இருக்கேன்.”

“நான் நேத்துலருந்து” என்றாள் கைப்பிள்ளைக்காரி.

சாலையில் நின்ற ஆள் இன்னொரு தடவை சிரிக்கப் பார்த்தான். பருத்த அம்மாள் இடுப்பில் கை வைத்துத் திரும்பினாள். “என்னடா பாக்க? ஒங்கம்மா திங்க மட்டுந்தேன் செய்வாளோ, ஒதுங்க மாட்டாளோ?” எல்லா ஆண்களும் அந்தப் பக்கம் திரும்பி, கரி பீப்பாயை அதிசயமாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

கொட்டாம்பட்டிக்கு உள்ளே தள்ளி ஒரு சிற்றூரில் எனக்குப் பழைய வாடிக்கை. விவசாயம் பார்க்கும் சம்சாரி வீடு. வீட்டுக்காரிக்கு என் வயசுதான் இருக்கும். துணி எடுக்கும்போது அவள் வீட்டில் கூழ் குடித்துவிட்டுத்தான் நான் அடுத்த வாசலுக்குப் போவது வழக்கம். அன்றும் கம்மங்கூழைக் கரைத்து, வெங்காயம் வைத்துக் கொண்டுவந்தாள். எச்சில் ஊறியது.

“வேணாம்த்தா” என்றேன்.

அவள் கை அப்படியே நின்றது. “ஏன்?”

“சாப்பாடு கொண்டாந்திருக்கேன்.”

“போன தடவை வரைக்கும் குடிச்ச. இப்ப பட்டணத்துல போய் இருந்துட்டு எங்க வீட்டுக் கூழு எறங்கலையாக்கும்? இல்ல, எங்க சாதி எதுன்னு யாராச்சும் சொல்லிக் குடுத்துட்டாகளா?”

எங்கள் பக்கத்தில் கொடுத்த கூழை மறுத்தால் வேறு அர்த்தமே கிடையாது. பிரித்த துணியை அவள் மடிக்கத் தொடங்கிவிட்டாள். அவள் மடித்தால் அந்தத் தெருவே மடித்துவிடும். அப்போதுதான் உள்ளே ஆரம்பித்தது. சந்தையில் வந்த அதே வலி. ஒன்றின் மேல் ஒன்றாக. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வயிற்றில் கை வைத்தால் பலகை.

“என்னக்கா?” அவள் குரல் மாறிவிட்டது.

சொன்னேன். முட்டைப்பை, கருப்பை, மின்சாரம், ஒட்டிக்கொண்ட குடல், எல்லாவற்றையும் வலிக்கு நடுவே துண்டு துண்டாகச் சொன்னேன். அவள் வாயைப் பிளந்து கேட்டாள். “கர்ப்பப்பையையே எடுத்துப்புட்டாகளா? அப்ப மாசாமாசம் ஒதுங்குற வேலையும் கிடையாதா? குடுத்து வச்சவ!” பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, “செத்த இரு, வெளக்கெண்ணெய் இருக்கு, ஒரு முழுங்கு…” என்று எழுந்தாள்.

“ஐயோ, அதைத்தேன் தரக் கூடாது!”

மாட்டுக் கொட்டத்தில் வைக்கோலைப் பரப்பிப் படுக்க வைத்தாள். கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள். மதுரைக்குத் திரும்பும் கரி பஸ் சாயங்காலம் வரும். அதை விட்டால் மறுநாள்தான். இது அடைப்புதான் என்றால் அந்த பஸ்ஸில் ஏறியாக வேண்டும். ஏறினால், அண்ணன் சொன்னது சரியென்று ஆகிவிடும். அதற்குப் பிறகு நான் அந்த வளவை விட்டு வெளியே வரப்போவதில்லை. ஏறாமல் இருந்து, அடைப்பாகவே இருந்துவிட்டால், இந்த வைக்கோலில்தான் முடியும். வாந்தி வருகிறதா என்று காத்திருந்தேன். குமட்டியது, வரவில்லை. எழுந்து கொட்டத்துக்குள்ளேயே நடந்தேன். மாடுகள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தன. குனிந்து முட்டுப் போட்டு இருந்தேன், மறுபடி நடந்தேன். வெளியே யாரோ ஆம்பிளை வந்து மாட்டை அவிழ்க்க வேண்டும் என்றான். “ஒரு மாடும் இன்னைக்குத் தண்ணி குடிக்காது, போ அங்கிட்டு!” என்று வீட்டுக்காரி விரட்டினாள்.

வெயில் சாயத் தொடங்கியபோது உள்ளே எங்கோ ஒரு முடிச்சு நழுவியது. குடலில் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு காற்றுப் பிரிந்தது. சின்னச் சத்தமில்லை. மாடு மிரண்டு கயிற்றை இழுத்தது. வீட்டுக்காரி வாசலில் உட்கார்ந்தபடியே கையைத் தட்டிச் சிரித்தாள். “வேட்டுப் போட்டாச்சு, இனி தேர் நகந்துரும்!” எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் போட்ட இடம் வலித்தது. கொட்டத்துக்குப் பின்னால் வைக்கோல் படப்பு மறைவுக்கு அவளே கூட்டிப்போய், முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நின்றாள்.

தூக்குச்சட்டியில் இருந்த சோற்றில் இரண்டு கவளம் தின்றேன். அவள் அந்தக் கூழை என் எதிரில் உட்கார்ந்து தானே குடித்தாள். பிறகு மடித்து வைத்த துணியைப் பிரித்து, அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டாள்.

மதுரை பஸ் புகையைக் கக்கிக்கொண்டு வந்து நின்றபோது நான் சாலையில்தான் இருந்தேன். காலையில் பார்த்த கண்டக்டர்தான். “ஏறும்மா” என்றார்.

“நான் ஏறலைண்ணே. காளவாசல் பக்கம் எங்கண்ணன் இருக்காரு.” வளவின் அடையாளம் சொன்னேன். “இந்த ஊர்லதேன் இருக்கேன், வயிறு இளகிருச்சு, நாளைக்கு அடுத்த ஊருக்குப் போறேன்னு சொல்லிருங்க. எந்த ஊருன்னு அங்கிருந்து சொல்லி விடுறேன்.”

“வயிறு இளகுன சேதியெல்லாம் நானா கொண்டு போகணும்?” என்றார் கண்டக்டர், கைச்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே. “கேக்கிறவக சிரிக்க மாட்டாகளா?”

“சிரிக்கட்டும். அவருக்கு அதுதேன் தெரியணும்.”

பஸ் போன பிறகு இன்னொரு தடவை முறுக்கியது, லேசாக. நின்று, அது போகட்டும் என்று பார்த்தேன். போயிற்று. மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் திரும்பி நடந்தேன்.